திருச்சானூர் ஓட்டலில் இரண்டு தரப்பு

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி வாக்கில், சென்னை சென்ட்ரல்.

திருப்பதி ரயிலில் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாலும் யாரும் நம்மை வக்கீலாகப் பார்ப்பதில்லை. வேண்டுதல் உள்ளவராகத்தான் பார்க்கிறார்கள். எதிர் சீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தரிசனமா?" என்றார். வேலையாகப் போகிறேன் என்றேன். "வேலையோட வேலையா மேலயும் ஒரு நடை போய்ட்டு வந்துடுங்க" என்று சொல்லி, இலையில் மடித்த இட்லியில் இரண்டை எனக்கும் எடுத்து வைத்தார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு பெரிய வக்கீல் நிறுவனத்தில் நிலப் பத்திரங்கள் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். நாலு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் இருக்கிற எங்களுக்கு நாலாவது மாடியில் என்ன நடக்கிறதென்று தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்குச் சமூக சேவை செய்கிற வேகம் வரும். ஒரு வருடம் ரத்த தானம். இன்னொரு வருடம் மரக்கன்று. ஒரே குழியில் மூன்று பேர் மாறி மாறி நட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். இந்த வருடம், கட்டணம் வாங்காமல் ஏழைகளின் வழக்கைப் பார்ப்பது. ஆபீசில் இதை ப்ரோ போனோ என்பார்கள். ஆந்திர எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழில் பேசுகிற வக்கீல் கிடைப்பதில்லை என்று ஒரு தொண்டு அமைப்பு எழுதிக் கேட்டிருந்தது. ஒரு நாள் முகாம். நானும் இரண்டு ஜூனியர்களும், ஒரு பெரிய பேனரும்.

அரக்கோணத்தில் வடை, திருத்தணியில் மலை, ஏகாம்பரகுப்பம் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் விளம்பரங்கள் ரயிலிலிருந்தே தெரிகின்றன. ரேணிகுண்டாவில் இறங்கி வாடகைக் கார் பிடித்தோம். அங்கிருந்து ஏர்பேடு பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் போன ஊர் அதற்கும் உள்ளே. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. நான் சந்தித்த பெண்ணின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பதினோரு மணி. பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். பேனரைக் கட்டி முடிக்கும் முன்பே ஜூனியர்கள் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் தப்பு, பென்ஷன் நின்றுவிட்டது, இப்படி. பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தபடி தெலுங்கில் ஆரம்பித்து, நான் முழித்ததும் தமிழுக்கு வந்தார்கள்.

கோவிந்தம்மா கடைசியாக வந்தார். நாற்பது வயது இருக்கும். கொத்து வேலைக்குப் போகிற கை, நகமெல்லாம் சிமெண்ட். உட்காருவதற்கு முன்பே விசாரணையை அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க தமிழா மேடம்? இன்னா ஊரு?"

"மெட்ராஸ்தாம்மா."

"அப்பாடா. எம்ஆர்ஓ ஆபீஸ்ல, அதான் தாசில்தார் ஆபீஸ்ல, எல்லாம் தெலுங்குதான். எனக்கும் நல்லா வரும். ஆனா கோவம் வந்துச்சுன்னா தமிழுதான் வாயில வருது. கோவம் வராம அந்த ஆபீஸ்ல நிக்க முடியுமா, நீயே சொல்லு."

எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. விஷயம் இதுதான். அவருடைய நைனா, அதாவது அப்பா, திருத்தணிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். சொந்தமாகக் கைப்பிடி மண் கிடையாது. நிலமில்லாதவர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்தபோது அவருக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. அவருக்குப் பின் கோவிந்தம்மாவுக்கு வந்தது. இப்படிக் கொடுத்த நிலத்துக்கு நிபந்தனைகள் உண்டு. விற்கக் கூடாது. பயிர் வைக்காமல் போட்டுவைக்கக் கூடாது. மீறினால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நாலுவழிச் சாலை வந்த பிறகு எல்லோருக்கும் நிபந்தனை ஞாபகம் வந்துவிட்டது. நிலம் முறையாகப் பயிர் செய்யப்படவில்லை, ஏன் திரும்ப எடுக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. அடுத்த வாரத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும்.

"நெலம் பூட்டா கூட பரவால்லன்னு சொல்றாரு எங்க ஊட்டுக்காரரு. எங்க நைனாவ அந்த நெலத்துலதான் வச்சிருக்கோம் மேடம். பொதைச்ச எடத்த எப்படி வுட்டுக் குடுக்கறது?" என்றார் கோவிந்தம்மா.

பதில் எழுதலாம், வழக்கும் நடத்தலாம், ஆனால் எனக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்றேன். அவர் ஏதோ ஒன்றை விழுங்குவது தெரிந்தது. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கட்சிக்காரர் விழுங்குவது எனக்குத் தெரியாதா? ஜூனியர்களைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, நாற்காலிகளைப் புங்க மரத்தடிக்கு இழுத்துப் போட்டேன்.

"எங்கிட்ட சொன்னா எங்க ஆபீஸ விட்டு வெளிய போகாது, கோவிந்தம்மா" என்றேன்.

சொன்னார். மெல்லிய குரலில், மண்ணைப் பார்த்தபடி, தமிழில் சொன்னார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். எதிர்த்தரப்புக்கு அது தெரிந்தால் நிலம் போய்விடும் என்பது மட்டும் படிப்பவர்களுக்குப் போதும். சொல்லி முடித்ததும் அவருக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதுவரை மேடம் என்றவர், "யக்கா, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்று வீட்டுக்கே கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன். களியும் கீரைக் குழம்பும். பிறகு பேனருக்கு முன்னால் அவரை நடுவில் நிறுத்தி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரிப்பதற்கு முந்தைய நிலப் பதிவுகள் சித்தூரில் இருந்தன. வழக்கு என்று வந்தால் உள்ளூர் வக்கீல் ஒருவரும் வேண்டும். அதற்குச் சித்தூரில் எபினேசர் என்பவரை ஏற்பாடு செய்திருந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் தங்கியிருக்கும் ஓட்டலுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம் என்று கோவிந்தம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மாலை ஆறு மணி, திருச்சானூர். ஜூனியர்கள் இருவரும் மலையேறிவிட்டு அப்படியே சென்னை திரும்புவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். நான் திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். இருபது ரூபாய். டிரைவர் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும், இப்போது போனால் தாயார் கோயிலில் கூட்டம் இருக்காது என்றார். போனேன். கூட்டம் இருந்தது. வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு, எங்கள் ஆபீஸ் வழக்கமாக அறை எடுக்கும் ஓட்டலுக்குப் போய்ப் படுத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியுடன் நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இட்லிக்குக் கைவைத்தபோது, "மேடம், நீங்க எங்க இங்க?" என்று ஒரு குரல்.

முரளி. எங்கள் ஆபீஸ்தான், நாலாவது மாடி, கம்பெனிகளுக்கு வேலை செய்கிற பிரிவு. நல்ல பையன், முப்பத்தைந்து வயது, லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம். திருப்பதிக்கு யார் வந்தாலும் ஆபீஸ் இதே ஓட்டலில்தான் அறை போடும் என்பதால் அவரைப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். தரிசனமா என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் எங்க நேரம். ஒரு கிளையண்ட் பெரிய கோடவுன் கட்டப்போறாங்க, ஹைவே ஓரமா. நிலத்தைப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. ஏர்பேடு தாண்டி உள்ள போகணும்."

"ஏர்பேட்டுல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார். கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"மொத்தம் முப்பது ஏக்கர் மேடம். எல்லாம் கவர்மெண்ட் கொடுத்த நிலம். கவர்மெண்ட் திரும்ப எடுத்து இவங்களுக்குக் கொடுக்கும். நோட்டீஸ் எல்லாம் போயாச்சு. மத்தவங்க யாரும் வாயத் திறக்கலை. நடுவுல ஒரு ஏக்கர்தான், ஒரு அம்மா தகராறு பண்றாங்களாம். அவங்ககிட்ட ஏதாவது ஓட்டை இருந்தா முடிஞ்சிரும்." சட்னியைக் காட்டி, "இது நல்லா இருக்கு, போட்டுக்கோங்க" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஓட்டை எனக்குத் தெரியும். நேற்று மத்தியானம் புங்க மரத்தடியில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆபீஸை விட்டு வெளியே போகாது என்று வேறு சொல்லியிருந்தேன். வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. ஒரு மாடி ஏறினால் போதும்.

இது எப்படி நடந்தது என்று சட்டம் தெரியாதவர்களுக்கும் புரியச் சொல்கிறேன். ஒரு வக்கீல் ஒரு வழக்கில் இரண்டு பக்கமும் நிற்கக் கூடாது. ஒரே நிறுவனத்தில் இருக்கிற வக்கீல்கள் எல்லோரும் இதில் ஒரே ஆள் மாதிரிதான். அதனால் புதுக் கட்சிக்காரர் வந்தால், அந்த விஷயத்தில் நம் ஆபீஸ் ஏற்கெனவே வேறு யாருக்காவது வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீசில் அதைப் பார்ப்பது கணக்குப் பிரிவு. பில் போடுவதற்காக ஃபைலுக்கு நம்பர் கொடுக்கும்போதே பார்த்துவிடுவார்கள். கோவிந்தம்மாவுக்குப் பில் கிடையாது. பில் இல்லாததால் நம்பர் இல்லை. நம்பர் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. நோட்டீசில் கம்பெனியின் பெயரும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியிருந்தாலே அகப்பட்டிருக்கும். காசு வாங்காமல் செய்கிறோம் என்ற பெருமையில் யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்து எங்கள் சீனியருக்குப் போன் செய்தேன். நிறுவனமே அவருடையது. கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் நீதிபதிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்தும் விலகிக்கொள்ளலாம் என்பார் என்று நினைத்தேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

"அடடா. சரி, அந்தம்மாவ விட்டுடுங்க. ஃப்ரீயா பண்றதுதானே" என்றார்.

"சார், அவங்க எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்காங்க."

"எழுதியா குடுத்திருக்காங்க?"

"இல்ல சார், வாயாலதான்."

"அப்ப பிரச்சினையே இல்லை. நீங்களும் எதையும் எழுத வேண்டாம். முரளி அங்கதான இருக்கான்? அவங்க சொன்னத அவன்கிட்ட வாயால சொல்லிடுங்க. அந்தம்மாகிட்ட ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொல்லி அனுப்பிடுங்க."

காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னார். நான் பதினெட்டு வருடமாக இந்த மனிதரைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். போனை வைத்த பிறகும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மாள் தலையில் பூ வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, உடம்பு சரியில்லையா என்பது போலத் தெலுங்கில் ஏதோ கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

எட்டு மணிக்குச் சரியாகக் கோவிந்தம்மா வந்துவிட்டார். நல்ல சேலை, காதில் கம்மல், மடியில் ஒரு துணிப்பை. வாசல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரை நோக்கி நடக்கும்போது முரளி பெட்டியை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். அவருக்குக் கார் காத்திருந்தது. கோவிந்தம்மாவின் கால் வழியில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா" என்றார் முரளி, மரியாதையாக.

"போ நைனா, போ" என்று காலை இழுத்துக்கொண்டார் அவர். முரளி சிரித்துவிட்டு, எனக்கும் கையசைத்துவிட்டுப் போனார். கோவிந்தம்மாவின் நிலத்தைப் பார்க்கத்தான் போனார்.

"தெரிஞ்ச புள்ளையா யக்கா? மரியாதை தெரிஞ்ச புள்ள" என்றார் கோவிந்தம்மா.

எட்டே முக்காலுக்குச் சித்தூர் பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆந்திராவில் பெண்களுக்கு இப்போது பஸ் இலவசம். கண்டக்டர் கோவிந்தம்மாவின் ஆதாரைப் பார்த்துப் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். என்னுடையதைப் பார்த்து, "தமிழ்நாடா? மீக்கு லேதம்மா" என்று காசு கேட்டார். உங்களுக்குக் கிடையாது என்பது அவர் கைவிரித்ததிலேயே புரிந்தது. கோவிந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க நீங்க பெரிய ஆளு, இங்க நாங்கதான்" என்று என் தொடையில் தட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சந்திரகிரி வரை வந்துவிட்டேன்.

ஜன்னலில் சந்திரகிரிக் கோட்டை மறைந்ததும் சொன்னேன். ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். உங்கள் நிலத்தை வாங்கப் பார்க்கிற கம்பெனிக்கும் எங்கள் ஆபீஸ்தான் வக்கீல். எனக்கு இன்று காலைதான் தெரியும். ஓட்டல் வாசலில் உங்களைத் தள்ளிக்கொள்ளச் சொன்னாரே, அவர்தான் அவர்கள் பக்கத்து ஆள். நான் இனி உங்களுக்கு வாதாட முடியாது.

கோவிந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. துணிப்பையை மடியிலிருந்து எடுத்து, எனக்கு எட்டாமல் ஜன்னல் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

"நேத்து சொன்னத அவுருகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"சொல்லச் சொன்னாங்களா?"

"சொல்லச் சொன்னாங்க."

பூதலப்பட்டு தாண்டி, காணிப்பாக்கத்துக்குத் திரும்பும் இடத்தில் பஸ் நின்றபோது அவர் சட்டென்று எழுந்தார்.

"எறங்கு மேடம்" என்றார். யக்கா போய்விட்டது.

காணிப்பாக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றில் தோன்றிய பிள்ளையார். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது சித்தூர்ப் பக்கத்து நம்பிக்கை. பங்காளித் தகராறு, கடன் தகராறு, குடி, எதுவானாலும் கோர்ட்டுக்குப் போகும் முன்பு இங்கே வந்துவிடுவார்கள். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு வந்து சத்தியம் செய்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். நான் கோர்ட்டில் எத்தனையோ சத்தியப் பிரமாணப் பத்திரங்களைத் தயார் செய்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவராவது பயந்து பார்த்ததில்லை.

"முழுக வேணாம். கை கால கழுவிக்கினு வா" என்றார் கோவிந்தம்மா.

வெள்ளிக்கிழமையாதலால் வரிசை நீளம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. ஆனாலும் நெருங்கியதும் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். சந்நிதிக்கு நேராக வந்ததும் கோவிந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நேத்து நான் சொன்னத ஊட்டுலயும் சொல்லமாட்டேன், ஆபீஸ்லயும் சொல்லமாட்டேன், எப்பவும் சொல்லமாட்டேன்னு சொல்லு. சத்தமா சொல்லு."

சொன்னேன். பின்னால் நின்றவர்கள் வழக்கமான விஷயம்தானே என்கிற மாதிரி காத்திருந்தார்கள். ஒரு ஆள் மட்டும், சத்தியமா, என்ன விஷயமாம் என்று பக்கத்தவரிடம் கேட்டது காதில் விழுந்தது. குருக்கள் விபூதி கொடுத்தார். கோவிந்தம்மா தன் கையிலிருந்ததை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டார். அது அன்பினால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் ஒரு மணி, சித்தூர். காணிப்பாக்கத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோவில் வந்தோம். எபினேசர் வீட்டின் முன்னறைதான் அவர் ஆபீஸ். சுவரில் பைபிள் வசனக் காலண்டர், மேஜையில் கட்டுக் கட்டாக வழக்குகள். மூன்று தலைமுறையாகச் சித்தூர் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். ஞாயிறு காலையில் தமிழ் ஆராதனையில் பாடிவிட்டு, பின்னாலேயே வரும் தெலுங்கு ஆராதனையிலும் உட்கார்ந்துவிட்டு வருவேன் என்று போனில் சொல்லியிருந்தார். அறுபது வயது. என் நெற்றி விபூதியைப் பார்த்து, "சாமி கும்புட்டுக்கினு வந்தீங்களா மேடம்?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"உங்க சீனியர நான் பாத்திருக்கேன். எங்க பார் அசோசியேஷனுக்கு வந்து வக்கீல் தர்மத்தப் பத்திப் பேசினாரு. நாங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினோம்" என்றார்.

அப்புறம் காரியத்துக்கு வந்தார். நோட்டீசுக்குப் பதிலை அவர் எழுதுகிறார், வழக்கையும் அவரே பார்க்கிறார். அதில் சிக்கல் இல்லை. ஆனால் என் ஆபீஸ் எதிரில் நிற்கும்.

"புள்ளையார் முன்னால சத்தியம் பண்ணீங்க. அந்தம்மாவுக்கு அது போதும். கோர்ட்டுக்குக் காகிதம் வேணும் மேடம். இந்தம்மா எங்ககிட்ட ரகசியமெல்லாம் சொல்லியிருக்காங்க, அதனால இந்த நெலத்துல எங்க ஆபீஸ் யாருக்கும் ஆஜராகக் கூடாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா, அவங்க வெலகித்தான் ஆகணும். போடலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சுக்குங்க, உங்க சோத்து விஷயம்."

எதையும் எழுத வேண்டாம் என்ற சீனியரின் குரல் காதில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வீட்டுக் கடன், கல்லூரியில் மகள், இந்த வயதில் இன்னொரு ஆபீஸ் என்னைச் சேர்க்குமா, எல்லாம் வந்து போயின. கோவிந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கெஞ்சியிருந்தால் கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முகவரியையும் எழுதினேன்.

"இன்னா எழுதினாங்க சார்?" என்று கோவிந்தம்மா எபினேசரைத்தான் கேட்டார். அவர் படித்துக் காட்டினார்.

"உன் பேரு போட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"போட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியை எபினேசர் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டு, முதுகு என் பக்கம் வர உட்கார்ந்து, தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

எவ்வளவு சரளமான தெலுங்கு. நேற்று என்னிடம் பேசியதை விட வேகமாக, ஒரு தமிழ்ச் சொல் கலக்காமல் பேசினார். எபினேசர் சங்கடத்துடன் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, அவரும் தெலுங்குக்கே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு சொல் காதில் விழுந்தது. நேற்று மரத்தடியில் அடிக்கடி வந்த அதே சொல். தமிழுக்கும் தெலுங்குக்கும் அது ஒன்றுதான். நேற்று என்னிடம் சொன்னதை இப்போது தன் வக்கீலிடம் சொல்கிறார் என்று புரிந்தது.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகாவது ஒரு வார்த்தை தமிழில் பேசியிருக்கலாம். ஆனால் அவர் ஏன் பேச வேண்டும்? என் ஆபீஸ் எதிர்த்தரப்பு. நான் இன்னும் அந்த ஆபீஸ்தான். எதிர்த்தரப்பு உட்கார்ந்திருக்கும் அறையில் யாராவது ரகசியம் பேசுவார்களா? பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தெருவில் வெயில் கொளுத்தியது. எதிரே இருந்த கரும்பு ஜூஸ் கடை வரை போய், அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் நின்றேன். ஜூஸ் இருபத்தைந்து ரூபாய், இஞ்சி கூடுதலாகப் போட்டார்கள்.

மாலை நாலு மணி. சித்தூரிலிருந்து சென்னைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், ராணிப்பேட்டை வழி. கோவிந்தம்மாவிடம் போய்வருகிறேன் என்றபோது கதவுக்குப் பின்னாலிருந்து, "சரிங்க மேடம்" என்று மட்டும் பதில் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தால் ஆபீஸ் குழுவில் நேற்றைய படம். பேனருக்கு முன்னால் நடுவில் கோவிந்தம்மா, பல் தெரியச் சிரிக்கிறார். எளியோருடன் நிற்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது. கைதட்டல்கள் வரிசையாக இருந்தன. முரளியும் ஒன்று போட்டிருந்தார், பாவம். நான் எழுதிக் கொடுத்த தாளைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைச் சீனியருக்கு மட்டும் அனுப்பினேன்.

எல்லை தாண்டிப் பலகைகள் தமிழுக்கு மாறின. வழக்கமாக வெளியூர் போய்த் திரும்பும்போது அந்த இடத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்த முறை அப்படி இல்லை. எனக்குப் புரியாத மொழியில் ஒரு பெண் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்த அந்த முன்னறைதான் ஞாபகத்தில் இருந்தது. எல்லாம் புரிகிற மொழியில் பேசுகிற இடத்துக்குத்தான் நான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

வாலாஜா பக்கத்தில் சீனியர் கூப்பிட்டார். கத்துவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. அன்பாகத்தான் பேசினார். ஏன் அவசரப்பட்டீர்கள், அந்தத் தாளை நான் பார்த்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்படி என்னதான் சொன்னாங்க அந்தம்மா? எங்கிட்ட சொல்லுங்க. நம்ம ஆபீஸ விட்டு வெளிய போகாது."

"நேத்து நானும் அவங்ககிட்ட அதேதான் சார் சொன்னேன்" என்றேன்.